கேட்டு வாங்கிய இசை: ஒரு கிட்டார் கலைஞரும் சமகால அமெரிக்க இசையும்

பியானோ வாசிப்பவர் ஒரு கச்சேரிக்குப் பட்டியல் போட உட்கார்ந்தால், எதை விடுவது என்பதுதான் அவருடைய தலைவலி. மோட்சார்ட், பீத்தோவன், ஷோபன், பிராம்ஸ் என்று வாழ்நாள் முழுக்க வாசித்தாலும் தீராத சொத்து அவருக்கு இருக்கிறது. கிளாசிக்கல் கிட்டார் வாசிப்பவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மோட்சார்ட் கிட்டாருக்கு எழுதவில்லை. பீத்தோவனும் எழுதவில்லை. ஷோபனும் பிராம்ஸும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஃபெர்னாண்டோ சோர், மௌரோ ஜூலியானி போன்ற 19-ஆம் நூற்றாண்டுக் கிட்டார்காரர்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்டது நிறைய உண்டு, அதில் நல்ல இசையும் உண்டு. ஆனால் கிட்டார் வட்டத்துக்கு வெளியே இருந்த பெரிய கைகள் இந்தக் கருவிக்காகப் பேனாவைத் தொட்டது அபூர்வம்.

சரி, வாசிக்கச் சரக்கு இல்லையென்றால் என்ன செய்வது? இரண்டு வழிகள் இருந்தன. வேறு கருவிகளுக்கு எழுதியதைக் கிட்டாருக்கு மாற்றிக்கொள்வது முதல் வழி. பாக் வயலினுக்கும் செல்லோவுக்கும் எழுதியவை இப்படித்தான் கிட்டாருக்கு வந்தன. உயிரோடு இருக்கும் இசையமைப்பாளர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, "எனக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது இரண்டாவது வழி. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வழியைப் பற்றியது. அந்த வழியில் நெடுந்தூரம் போன ஒருவரை வைத்தே சொல்கிறேன். அவர் பெயர் டேவிட் ஸ்டாரோபின், 1951-இல் நியூயார்க்கில் பிறந்தவர். அவருக்காக எழுதப்பட்ட படைப்புகள் மட்டுமே 300-க்கும் மேல்.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். கிட்டார் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமாப் பாட்டில் வரும் கிட்டார்தான். அதில் பெரும்பாலும் உலோகத் தந்தியோ, மின்சாரத்தில் ஒலிக்கும் கிட்டாரோ இருக்கும். கிளாசிக்கல் கிட்டாருக்கு நைலான் தந்திகள். பிளெக்ட்ரம் என்ற மீட்டும் சில்லு கிடையாது, வலது கை விரல்களும் நகங்களுமே வேலை செய்ய வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமல் வாசிப்பதுதான் வழக்கம், அதனால் சத்தம் குறைவு. ஒரு தந்தியை மீட்டியதுமே ஓசை தேயத் தொடங்கிவிடும். வயலினைப் போல வில்லை இழுத்து நிறுத்தி வைக்க வழியில்லை.

இந்த நைலான் தந்திக்கே ஒரு நியூயார்க் கதை உண்டு. முன்பெல்லாம் கிட்டாருக்கு ஆட்டுக்குடலில் செய்த தந்திதான். இரண்டாம் உலகப் போரின்போது அதெல்லாம் அறுவை சிகிச்சைத் தையலுக்குப் போய்விட, கிட்டார்காரர்களுக்குத் தட்டுப்பாடு. அப்போது நியூயார்க்கில் கிட்டார் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் அகஸ்டின் நைலானை வைத்துத் தந்தி செய்து பார்த்தார். ஸ்பானிய மேதை ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்றுக்கொண்டதும் உலகமே மாறிக்கொண்டது. ஸ்பானிய கிட்டார் என்று நாம் சொல்வதன் தந்தி அமெரிக்க மூளையில் பிறந்தது. ஆனால் அந்தத் தந்தியில் வாசிக்க அமெரிக்க இசை என்று சொல்லிக்கொள்ளும்படி அப்போது அதிகம் இல்லை. அமெரிக்க இசையின் முகம் என்று கொண்டாடப்பட்ட ஏரன் கோப்லண்ட்கூடத் தனிக் கிட்டாருக்கென்று ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

செகோவியாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1893-இல் பிறந்து 1987 வரை வாழ்ந்தவர். கிட்டாரை மதுக்கடையிலிருந்து பெரிய கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் முழுப் பொய் இல்லை. அவரும் கேட்டு வாங்கியவர்தான். பொன்சே, டுரீனா, டோரோபா, காஸ்டெல்நுவோ-டெடெஸ்கோ என்று பலர் அவருக்காக எழுதினார்கள். ஆனால் அவருடைய ரசனைக்கு ஓர் எல்லை இருந்தது. இனிமையான, ஸ்பானிய வாசனையுள்ள, பழைய மரபில் நிற்கும் இசைதான் அவருக்குப் பிடிக்கும். சுவிஸ் இசையமைப்பாளர் ஃபிராங்க் மார்ட்டின் 1933-இல் அவரை மனத்தில் வைத்து நான்கு சிறு துண்டுகள் எழுதினார். செகோவியா அவற்றைத் தொடவே இல்லை. இன்று கிட்டார் மாணவர்கள் தேடிப் பிடித்து வாசிக்கும் படைப்பு அது. ஒரு பெரிய கலைஞர் எதைக் கேட்கிறார் என்பதைப் போலவே, வந்ததில் எதை ஒதுக்குகிறார் என்பதும் ஒரு கருவியின் தலையெழுத்தை எழுதிவிடுகிறது.

அடுத்த தலைமுறையில் இங்கிலாந்தின் ஜூலியன் பிரீம் அந்த எல்லையைத் தாண்டினார். பெஞ்சமின் பிரிட்டன் 1963-இல் அவருக்காக எழுதிய இரவிசைதான் இன்று பலர் 20-ஆம் நூற்றாண்டுக் கிட்டார் படைப்புகளின் உச்சியில் வைப்பது. பிரீம் தன் நாட்டு இசையமைப்பாளர்களிடம் செய்ததை அமெரிக்காவில் யாராவது செய்தாக வேண்டிய நிலை. அங்கேதான் ஸ்டாரோபின் வருகிறார்.

ஆதார சுருதி இல்லாத இசை

சமகால அமெரிக்க இசை என்றால் இங்கே பாப், ராக் கிடையாது. கச்சேரி அரங்குக்காக, முழுக்க எழுதி வைக்கப்படும் இசை. அதிலும் ஒரே பாணி என்று எதுவும் இல்லை. ஒருவர் கணக்குப் போடுவது போல எழுதுவார், இன்னொருவர் காற்றோசையையும் கிசுகிசுப்பையும் இசையாக்குவார், மூன்றாமவர் சின்ன அசைவு ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கவிட்டு மெல்ல மெல்ல மாற்றுவார்.

புதிதாகக் கேட்பவர்களை முதலில் மிரட்டுவது முதல் வகைதான். நமக்குப் பழக்கமான சொல்லில் சொன்னால், அதில் ஆதார சுருதி இல்லை. நம் கச்சேரியில் தம்புரா பின்னால் இசைத்துக்கொண்டே இருக்கும். பாடகர் எங்கே சஞ்சாரம் செய்தாலும் 'ச'வுக்குத் திரும்புவார், நம் காதும் அந்தத் திரும்புதலுக்காகக் காத்திருக்கும். ஐரோப்பிய மரபிசையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான், வீடு மாதிரி ஒரு சுரம் உண்டு. ஒரு ஸ்தாயியில் அவர்களுக்கும் 12 சுரங்கள். 20-ஆம் நூற்றாண்டில் வந்த சிலர் அந்தப் பன்னிரண்டுக்கும் சம உரிமை என்று சொல்லிவிட்டார்கள். 'ச' என்று எதற்கும் தனி மரியாதை கிடையாது. வீடு இல்லாததால் திரும்பிப் போவதும் இல்லை. காது வேறு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்: வேகம், சத்தத்தின் ஏற்ற இறக்கம், ஓசையின் நிறம், ஒரு வாக்கியம் பாதியில் வெட்டப்படும் விதம்.

எலியட் கார்ட்டர் ஸ்டாரோபினுக்காக 1983-இல் எழுதிய 'சேஞ்சஸ்' என்ற தனிக் கிட்டார் படைப்பை முதல்முறை கேட்டபோது, கலைஞர் சுருதி சேர்க்கிறார் போல என்று நினைத்துப் பொறுமையாகக் காத்திருந்தேன். ஒரு நிமிடம் போன பிறகுதான், கச்சேரி ஆரம்பித்தே ஒரு நிமிடம் ஆகிவிட்டது என்று புரிந்தது. அசட்டுத்தனம்தான், ஆனால் உண்மை. மூன்றாம் முறை கேட்டபோது பிடி கிடைத்தது. அது ஒரே ஆள் பேசும் பேச்சாக இல்லை. முரட்டுக் குரல் ஒன்று திடீரென்று ஆறு தந்தியையும் அடித்துவிட்டு நிற்கிறது. உடனே இன்னொரு குரல், எங்கோ தூரத்துக் கோயில் மணி மாதிரி, நிதானமாக ஒவ்வொரு சுரமாக விடுகிறது. நடுவே படபடவென்று பேசும் மூன்றாவது குரல் ஒன்று. ஒன்றை ஒன்று வெட்டி, காத்திருந்து, மறுபடி குறுக்கிடுகின்றன. ஏழெட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவாரசியம். கார்ட்டர் 1908-இல் பிறந்தவர். 1938-இல், ஆர்சன் வெல்ஸின் நாடகக் குழு ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தை ஒலிப்பதிவு செய்தபோது, அதில் வரும் ஒரு பாட்டுக்குக் குரலும் கிட்டாருமாகச் சிறிய இசை போட்டுக் கொடுத்தார். அதற்கும் 'சேஞ்சஸ்' எழுதியதற்கும் இடையே 45 வருடங்கள். இந்த இடைவெளியில் அவர் அமெரிக்காவின் மிகச் சிக்கலான இசையமைப்பாளர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கிவிட்டார். வயலின் குடும்பத்துத் தந்திக் கருவிகள் நான்கு சேர்ந்து வாசிக்கும் நால்வர் இசைக்கு எழுதியதற்காக இரண்டு முறை புலிட்சர் பரிசும் வாங்கினார். 75 வயதை எட்டும்போதுதான் தனிக் கிட்டாருக்கென்று உட்கார்ந்து எழுதினார். ஒரு கிட்டார்காரர் வந்து கேட்டதால் நடந்தது அது. அப்புறம் 1997-இல், 88 வயதில், அதே ஸ்டாரோபினுக்காக 'ஷார்ட்' என்று இரண்டு மூன்று நிமிடத் துண்டு ஒன்றை எழுதினார். உடைந்த கண்ணாடிச் சில்லு என்பது அந்தத் தலைப்பின் பொருள். அந்தச் சில்லை அப்படியே எடுத்து, டிரம்பெட், ஹார்ப், மாண்டலின் எல்லாம் வரும் 'லூய்மன்' என்ற பெரிய படைப்புக்குள்ளும் பதித்துவிட்டார். 2012-இல் 103 வயதில் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்த மனிதர்.

கமிஷன் என்றால்

இந்த உலகத்தில் கமிஷன் என்ற சொல் அடிக்கடி காதில் விழும். நம் ஊர் வீட்டுத் தரகர் வாங்கும் கமிஷன் கிடையாது. பணம் கொடுத்து, "இன்ன கருவிக்கு, இத்தனை நிமிடத்துக்கு, இந்தத் தேதிக்குள் எழுதிக் கொடுங்கள்" என்று ஒப்பந்தம் போடுவதுதான் இங்கே கமிஷன். பணம் பெரும்பாலும் ஏதாவது அறக்கட்டளை, இசை விழா, பல்கலைக்கழகம், சிம்பொனி இசைக்குழு ஆகியவற்றிலிருந்து வரும். பணமே கைமாறாமல் நட்புக்காக எழுதித் தருவதும் உண்டு. பதிலுக்கு, கேட்டவருக்கு முதல் அரங்கேற்றம் செய்யும் உரிமையும், குறிப்பிட்ட காலம் வரை வேறு யாரும் வாசிக்கக் கூடாது என்ற சலுகையும் கிடைப்பது வழக்கம்.

நம் பழைய பாடல்களில் பாணன் யாழைத் தூக்கிக்கொண்டு புரவலனைத் தேடி நடப்பான். இங்கே அந்தக் கதை தலைகீழ். யாழ் வைத்திருப்பவனே புரவலனாகவும் இருந்து, பாட்டெழுதுபவனைத் தேடிப் போகிறான். கையில் காசு இல்லாத புரவலன் என்பதால் காசையும் அவனே எங்காவது தேடித் தர வேண்டியிருக்கிறது.

பணம் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. பல இசையமைப்பாளர்களுக்குக் கிட்டார் என்றாலே பயம். பிரெஞ்சுக்காரர் பெர்லியோஸ், தானே கிட்டார் வாசித்தவர், கருவிகளைப் பற்றி 1840-களில் எழுதிய நூலில், கிட்டார் வாசிக்கத் தெரியாமல் கிட்டாருக்கு நன்றாக எழுத முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன், வீட்டில் கிட்டார் இருந்தால் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டாரின் ஆறு தந்திகள், தடித்ததிலிருந்து மெல்லியதுவரை, இ, ஏ, டி, ஜி, பி, இ. பியானோவில் உட்கார்ந்து எழுதும் ஒருவர், ஆழத்தில் எஃப், ஜி என்ற இரண்டு பக்கத்துச் சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட ஆசைப்படுகிறார் என்று வையுங்கள். பியானோவில் குழந்தைகூட இரண்டு விரலால் அழுத்திவிடும். கிட்டாரில் அந்த எஃப் இருப்பது தடித்த ஆறாவது தந்தியின் முதல் கட்டில். அந்த ஜி இருப்பதும் அதே தந்தியின் மூன்றாம் கட்டில். பக்கத்துத் தந்தி ஏ-யில் தொடங்குகிறது, அதற்குக் கீழே இறங்க அதற்கு வழியில்லை. ஒரு தந்தியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். ஆக, இந்த இரண்டும் சேர்ந்து ஒலிக்கவே முடியாது. எத்தனை வருடம் சாதகம் செய்தாலும் முடியாது.

இந்த இடத்தில்தான் கலைஞரின் வேலை தொடங்குகிறது. "முடியாது" என்று தாளைத் திருப்பி அனுப்பலாம். நல்லவர் அப்படிச் செய்ய மாட்டார். "ஜி-யை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிக்கொள்ளலாமா?" என்று கேட்பார். மேல் ஸ்தாயி ஜி மூன்றாவது தந்தியில் விரலே வைக்காமல் கிடைக்கும். கீழே எஃப்-ஐ ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மேலே தந்தியைச் சும்மா விட்டால், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். பக்கத்துப் பக்கத்தில் நெருக்கியடித்து உறுமியிருக்க வேண்டிய சுரங்கள், இப்போது நடுவில் காற்றோட்டத்துடன் விலகி நின்று, அந்த வெறும் தந்தியின் ரீங்காரத்தோடு கேட்கும். இசையமைப்பாளர் நினைத்த ஓசை இதுவல்ல. பல நேரம் அதைவிட நன்றாக இருக்கும், அவருக்கும் கிட்டாரைப் பற்றி ஒன்று புதிதாகத் தெரிந்திருக்கும்.

இப்படி ஒரு படைப்பில் நூறு இடம் வரும். எந்தச் சுரத்தை எந்தத் தந்தியில் வாசிப்பது என்பதே பெரிய கேள்வி, ஏனென்றால் ஒரே சுரம் இரண்டு மூன்று தந்திகளில் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் குரல் வேறு. தந்தியைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் தகரம் மாதிரி கறாராக வரும், விரல் பலகைப் பக்கம் மீட்டினால் வெண்ணெய் மாதிரி குழைந்து வரும். அச்சிட்ட தாளில் சுரங்களுக்குப் பக்கத்தில் பொடியாக 1 முதல் 4 வரை எண்கள் இருக்கும், அவை இடது கை விரல்கள். வட்டத்துக்குள் இருக்கும் எண் தந்தியைக் குறிக்கும். இதையெல்லாம் போடுவது பெரும்பாலும் கிட்டார் கலைஞர். 'சேஞ்சஸ்' அச்சானபோது அந்த வேலையைச் செய்தவர் ஸ்டாரோபின்தான். உலகத்தில் எந்த மூலையிலாவது ஒரு மாணவர் அதைப் பிரித்து வைத்துப் பழகினால், இசை கார்ட்டருடையது, விரல் ஸ்டாரோபினுடையது.

மில்டன் பாபிட் 1984-இல் எழுதிய கிட்டார் படைப்பையும் இங்கே சொல்ல வேண்டும். நான் முன்பு சொன்ன பன்னிரண்டு சுர சமத்துவத்தை அமெரிக்காவில் கடைசிவரை கொண்டுபோனவர் அவர். கணிதமும் கற்பித்தவர். 1958-இல் ஒரு பத்திரிகையில் அவர் கட்டுரை ஒன்று, 'நீங்கள் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன' என்கிற தொனியில் தலைப்பு போட்டு வெளிவந்தது. அந்தத் தலைப்பு பத்திரிகை ஆசிரியர் வைத்தது, பாபிட் வைத்ததல்ல. ஆனாலும் சாகும்வரை அவரைத் திமிர் பிடித்தவர் என்றே பலர் நினைத்தார்கள். நேரில் சிலேடைப் பைத்தியம். கிட்டார் படைப்புக்கு அவர் வைத்த பெயர் 'ஷீர் பிளக்'. ஆங்கிலத்தில் பிளக் என்றால் தந்தியை மீட்டுவது, துணிச்சல் என்றும் பொருள். 'சுத்த மீட்டல்' என்றும் படிக்கலாம், 'அசாத்தியத் துணிச்சல்' என்றும் படிக்கலாம். அந்தத் தாளைப் பார்த்த கிட்டார்காரர்கள் இரண்டாவது பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பதிவு செய்ய யாரும் இல்லையென்றால்

புது இசைக்கு ஒரு சாபம் உண்டு. முதல் அரங்கேற்றத்துக்குக் கூட்டம் வரும், விமர்சகர் வருவார், பத்திரிகையில் நாலு வரி வரும். இரண்டாவது முறை வாசிக்க ஆள் கிடைக்காது. "நான் முதலில் வாசித்தேன்" என்று சொல்லிக்கொள்ள எல்லாருக்கும் ஆசை, "நான் இரண்டாவதாக வாசித்தேன்" என்பதில் யாருக்கு என்ன பெருமை? அப்படியே தாள் அலமாரிக்குள் போய்விடும்.

அதை மீட்க ஒரே வழி ஒலிப்பதிவு. ஆனால் ஆதார சுருதி இல்லாத கிட்டார் இசையை இசைத்தட்டாகப் போட எந்தப் பெரிய நிறுவனம் முன்வரும்? ஸ்டாரோபின் 1981-இல் தானே ஒரு நிறுவனம் தொடங்கிவிட்டார். பெயர் பிரிட்ஜ் ரெக்கார்ட்ஸ். மனைவி பெக்கியும் அவருமாக நடத்தினார்கள். பாலம் என்று பொருள், கிட்டாரில் தந்திகளைக் கட்டும் பகுதிக்கும் அதே பெயர்தான். கிட்டாருக்கான புது இசை என்றே ஒரு தொடர் அதில் வட்டு வட்டாக வந்தது. பிறகு அது கிட்டாரைத் தாண்டி வளர்ந்தது. கார்ட்டரின் படைப்புகள் வரிசையாக வந்தன. ஜார்ஜ் கிரம் என்ற இசையமைப்பாளரின் எல்லாப் படைப்புகளையும் பதிவு செய்யும் பெரிய திட்டமும் அங்கேதான் நடந்தது.

என் கணக்கில் ஸ்டாரோபின் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான். 300 படைப்புகள் கேட்டு வாங்கியதைவிட, அவை அலமாரியில் செத்துப்போகாமல் பார்த்துக்கொண்டது பெரிது. இதோடு பாடமும் நடத்தினார். முதலில் மன்ஹாட்டன் இசைப் பள்ளியிலும், 2011-இல் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசை நிறுவனத்தில் கிட்டார் துறை தொடங்கியபோது இன்னொரு கிட்டார் கலைஞரான ஜேசன் வியோவுடன் சேர்ந்து அங்கும் கற்பித்தார். அவரிடம் படித்த பையனும் பெண்ணும் இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் வாசிப்பார்களே, அது வேறு கணக்கு. இன்னொன்று, சமகால இசைக்காரர் என்பதால் பழையதை வெறுத்தவர் என்று நினைக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டுச் சிறிய கிட்டார்களை எடுத்து சோர், ஜூலியானி, ரெகோண்டி எல்லாம் அவரே வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்.

ஸ்டாரோபின் மட்டுமே இந்த வேலையைச் செய்தார் என்று சொல்லிவிட்டால் பாவம். மினியாபொலிஸ்காரரான கிட்டார் கலைஞர் ஷாரன் இஸ்பின் வேறு ஒரு பக்கத்திலிருந்து அதே கதவைத் தட்டினார். கிட்டாரைச் சிம்பொனி இசைக்குழுவுக்கு முன்னால் உட்கார வைப்பதில் அவருக்கு ஆர்வம் அதிகம். ஜான் கொரிலியானோவை ஒரு கிட்டார் கான்செர்ட்டோ எழுதச் சொல்லிப் பல வருடம் விடாமல் கேட்டார். அவர் நழுவிக்கொண்டே இருந்தார். கடைசியில் இஸ்பின் ஒரு கதையோடு போனார்: இடைக்காலத்தில் தெற்கு பிரான்சில் ஊர் ஊராக, அரண்மனை அரண்மனையாகக் காதலைப் பாடிய ட்ரூபடூர்கள். நம் பாணர்களுக்கு ஒன்றுவிட்ட உறவினர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணம் கொரிலியானோவைப் பிடித்துக்கொண்டது, 1993-இல் 'ட்ரூபடூர்ஸ்' வந்தது. எழுது என்று கேட்பதைவிட, எதைப் பற்றி எழுதலாம் என்று ஒரு பொறியைக் கொண்டுபோய்க் கொடுப்பது பலிக்கிறது போலும். அந்தப் படைப்பும், ஜோசப் ஷ்வாண்ட்னர், லூகாஸ் ஃபாஸ் எழுதியவையும் சேர்ந்த இஸ்பினின் வட்டு, 1995 நவம்பரில் அட்லாண்டிஸ் விண்கலத்தில் ஏறி, ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்துக்குப் பரிசாகப் போனது. புது இசை கேட்க பூமியில் ஆள் இல்லை என்று அங்கலாய்ப்பவர்கள் கவனிக்கவும். 1989-இல் நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் கிட்டார் துறையைத் தொடங்கி வைத்தவரும் இவர்தான்.

ஸ்டீவ் ரைஷின் 'எலெக்ட்ரிக் கவுன்டர்பாயின்ட்' 1987-இல் ஜாஸ் கிட்டார்காரர் பேட் மெத்தீனிக்காக எழுதப்பட்டது. கேட்டு வாங்கும் பழக்கம் கிளாசிக்கல் வட்டத்தோடு நிற்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். கலைஞர் பத்துக் கிட்டார்களையும் இரண்டு பாஸ் கிட்டார்களையும் முன்கூட்டியே தானே பதிவு செய்துவிட்டு, மேடையில் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். ஆதார சுருதி இல்லாததைக் கேட்டு மிரண்டவர்கள் இதைக் கேட்டால் மனசு லேசாகிவிடும்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்

நேராக 'சேஞ்சஸ்'-இல் குதிக்க வேண்டாம். நான் அப்படிக் குதித்துத்தான் சுருதி சேர்ப்பதற்காகக் காத்திருந்தேன். 'ஷார்ட்' முதலில் கேளுங்கள். மூன்று நிமிடம்கூட இல்லை, பிடிக்காவிட்டாலும் நஷ்டமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ராகம் தேடாமல், இரண்டு பேர் பேசிக்கொள்வதை ஒட்டுக் கேட்பது போலக் கேளுங்கள். யார் குறுக்கே பேசுகிறார், யார் அடங்குகிறார் என்பது மட்டும் போதும். அடுத்து 'சேஞ்சஸ்'.

இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் ஜார்ஜ் கிரம். இவர் வேறு ரகம். மேற்கு வர்ஜீனியா மலையூரில் 1929-இல் பிறந்தவர், 2022-இல் காலமானார். கணக்கு, சமத்துவம் எதுவும் இவருக்கு முக்கியம் இல்லை, ஓசையின் நிறம்தான் எல்லாம். ஸ்டாரோபினை நடுநாயகமாக வைத்து 'குவெஸ்ட்' என்று ஒன்று எழுதினார். கிட்டாரோடு சாக்சஃபோன், ஹார்ப், டபுள் பாஸ், தாளக் கருவிகள். நடுவே ஒரு பழைய கிறிஸ்தவக் கீர்த்தனையின் மெட்டு, யாரோ பக்கத்துத் தெருவில் பாடுவது போல மிதந்து வந்து மறையும்.

ஆனால் நான் முதலில் கைநீட்டுவது 1998-இல் வந்த 'முண்டுஸ் கானிஸ்' பக்கம்தான். லத்தீனில் நாய் உலகம் என்று பொருள். கிரம் வீட்டில் வெவ்வேறு காலத்தில் வளர்ந்த ஐந்து நாய்களுக்கு ஆளுக்கொரு துண்டு: டாமி, ஃபிரிட்ஸி, ஹைடெல், எம்மா-ஜீன், யோடா. மேடையில் இரண்டே பேர், ஒரு கிட்டார், ஒரு தாளக் கருவிக்காரர். ஸ்டாரோபின் கிட்டார் வாசிக்க, தாளக் கருவிகளோடு உட்கார்ந்தவர் கிரமே. ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொரு நடை. ஒன்று கம்பீரமாக வருகிறது. ஒன்று நிற்காமல் துறுதுறுக்கிறது. ஒன்று சோம்பல் முறித்துத் திரும்பப் படுத்துக்கொள்கிறது. தந்தியைத் தட்டுவது, சுரண்டுவது, விரல் நுனியால் தொட்டு மணி மாதிரி ஒலிக்கவிடுவது என்று கிட்டாரில் உள்ள எல்லா வித்தையும் இதில் உண்டு. ஆனால் எதுவுமே வித்தை காட்டுவதாகத் தெரியாது, நாய்தான் தெரியும்.

ஐந்தாவது யோடா. வீட்டுக்குள் எதையோ கவிழ்த்துவிட்டு ஓடும் வேகம் அதில் இருக்கும். புலிட்சர் பரிசு வாங்கிய இசையமைப்பாளரும், அமெரிக்க இசையையே தோளில் சுமந்த கிட்டார் கலைஞரும் அத்தனை கவனமாக வாசித்துக்கொண்டு போய், கடைசியில் வரும் குரல் இதுதான்: "கெட்ட நாய்!"